புதுப்பிப்பு: பாரசீகத் தங்க நாணயத்தில் இருப்பது யார்?

போன வாரம் தலைப்பாகை அணிந்த மீசைக்காரர் முகமுள்ள தங்க நாணயத்தின் படம் போட்டு, இது யார் என்று கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. அவர் நாசிருத்தீன் ஷா, 1848 முதல் 1896 வரை ஈரானை ஆண்ட, கஜார் வம்ச மன்னர். தலையில் இருப்பதும் தலைப்பாகை இல்லை, தொப்பிதான்.

நாணயத்தில் இருந்த 1299 என்ற எண்ணைப் பார்த்து மங்கோலியர் காலம் என்று எழுதியது என் தவறு. அது ஹிஜ்ரி, அதாவது இஸ்லாமிய ஆண்டு. நம் கணக்கில் 1881-82. நாணயத்தின் மதிப்பு ஒரு தோமான், அதாவது அன்றைய ஈரானியப் பணம். 1877-இல் தெஹ்ரான் அக்கசாலைக்கு இயந்திரம் வந்த பிறகு அச்சானது, அதனால்தான் விளிம்பு இவ்வளவு சீராக இருக்கிறது.

அப்புறம் எடை. 2.87 கிராம் இருக்க வேண்டியது, 2.84 காட்டியது. லென்ஸில் பார்த்தால் மேல் விளிம்பில் அரம் போட்ட தடம். யாரோ வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டு, பிறகு வளையத்தை அரத்தால் எடுத்திருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். எனக்கு அந்தத் தடம் பிடித்திருக்கிறது, விற்கப்போவதில்லை.