வீடில்லாத பிள்ளைகள் பள்ளியில் நிலைக்க: கோலாலம்பூரில் கண்டவை

செந்தூல், தமிழ்ப்பள்ளி மாணவர் நலப் பொறுப்பாசிரியை

வீடில்லாத பிள்ளை என்றதும் சௌகிட் ஐந்தடியில் (கடைகளுக்கு முன்னுள்ள கூரை போட்ட நடைபாதையில்) அட்டை விரித்துப் படுப்பவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். பள்ளியில் நம் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள் இல்லை. சித்தி வீட்டு ஹாலில் ஆறு பேரோடு படுக்கும் பிள்ளை, புடுவில் நாள் வாடகை அறையில் அம்மாவோடு இருக்கும் பிள்ளை, அப்பாவின் வேனிலேயே இரவைக் கழிக்கும் பிள்ளை, இவர்கள்தான். மாநகர் மன்றம் ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் பி.பி.ஆர். அடுக்குமாடி வீட்டுக்கு மாத வாடகை 124 வெள்ளி (ரிங்கிட்). அதை இழந்த குடும்பம் ஒரு நாளைக்கு 50 வெள்ளி அறைக்குப் போனால் மாதம் 1,500 வெள்ளி ஆகிறது. அந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது பிள்ளையின் பஸ் காசு.

அமெரிக்காவில் மெக்கின்னி-வெண்டோ சட்டம் என்று 1987-இல் வந்த ஒன்று இருக்கிறது. உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையையும் அது வீடில்லாத பிள்ளை என்றே கணக்கில் எடுக்கிறது. பத்திரம் (ஆவணம்) கையில் இல்லாவிட்டாலும் உடனே பள்ளியில் சேர்க்கச் சொல்கிறது. இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லாததால் கண்டுபிடிக்கும் வேலை வகுப்பாசிரியர் தலையில்தான் விழுகிறது. அதனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரே ஆண்டில் மூன்றாவது முறையாக அம்மாவின் கைப்பேசி எண் மாறும். திங்கட்கிழமை சட்டை ஈரமாக இருக்கும். வகுப்பில் தொடங்கிய பயிற்சி முடிந்திருக்கும், வீட்டுப்பாடம் மட்டும் வெறுமையாக இருக்கும். ஆர்.எம்.தி. உணவில் (ஏழை மாணவருக்குப் பள்ளியில் கொடுக்கும் இலவச உணவு) பாதியைப் பொட்டலம் கட்டிப் பையில் வைத்தால், எங்கோ ஒரு தம்பியோ தங்கையோ காத்திருக்கிறது என்று பொருள். அந்தப் பொட்டலத்தைப் பிடுங்காதீர்கள். தம்பியின் வயதைக் கேளுங்கள். ஐந்து, ஆறு வயதென்றால் பாலர் பள்ளியில் சேர்க்கும் வழியும் அப்போதே திறக்கிறது.

பெரிய சேதம் கடிதத்தில்தான் நடக்கிறது. தொடர்ந்து 3 நாள், அல்லது விட்டுவிட்டு 10 நாள் வராவிட்டால் முதல் எச்சரிக்கைக் கடிதம் போகும். அது குடும்பம் காலி செய்துவிட்ட முகவரிக்குப் போய்த் திரும்பி வரும். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. அம்மாவுக்கு ஒன்றுமே வந்து சேராது. பள்ளியோ, மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை, அக்கறையில்லாத தாய் என்று கோப்பில் எழுதிவிடும். இதைத் தவிர்க்க ஒரு பிள்ளைக்கு மூன்று தொடர்பு எண்கள் வாங்குங்கள்: அம்மாவுடையது, ஓர் உறவினருடையது, இடம் மாறாத ஒருவருடையது. அம்மா பாத்திரம் கழுவும் சாப்பாட்டுக் கடை முதலாளியாகவோ, கோயில் அலுவலகமாகவோ இருக்கலாம். மூன்றாவது எண்தான் பல முறை பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இன்னொன்று. குடும்பம் செந்தூலிலிருந்து பூச்சோங்குக்குப் போய்விட்டது என்றதும் பள்ளி மாற்றத்துக்கு மனுப் போடச் சொல்லாதீர்கள். ஒண்டும் இடம் இரண்டு மாதத்தில் மறுபடி மாறும். கோலாலம்பூரிலிருந்து சிலாங்கூருக்கு என்றால் கல்வி இலாகாவே வேறு. அலைச்சலில் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லாமல் நிற்கும். முதலில் போக்குவரத்துச் செலவைக் கணக்குப் பாருங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு பிள்ளையின் பஸ் செலவை ஏற்பது ஒன்றும் பெரிய தொகை அல்ல. அதே ஆசிரியர், அதே நண்பர்கள், அதே மேசை. அந்தப் பிள்ளைக்கு மாறாமல் இருப்பது அது ஒன்றுதான்.

பத்திர வேலைகளுக்கு உடன் செல்லும் தொண்டர், புடு

டீச்சர் சொன்ன முகவரிச் சிக்கல் சேர்க்கையிலேயே தொடங்கிவிடுகிறது. முதலாம் ஆண்டுப் பதிவு கல்வி அமைச்சின் ஐடிமீ இணையத் தளத்தில் நடக்கிறது. அதற்கு மின்னஞ்சல் வேண்டும், முகவரிச் சான்று வேண்டும். பலர் தெரிந்தவர் வீட்டுத் தெனாகா (மின்சார) பில்லைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அந்த வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளி கிடைக்கிறது, பிள்ளையோ நகரின் மறுகோடியில் படுக்கிறது. இரவல் முகவரி கொடுப்பதைவிட, தங்கும் இடத்துப் பொறுப்பாளரிடம் ஓர் உறுதிக் கடிதமும் தாயின் சத்தியப் பிரமாணமும் எடுத்துக்கொண்டு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு நேரே போவது நல்லது. கோலாலம்பூரில் செந்தூல், கெராமாட், பங்சார்-புடு என்று மூன்று அலுவலகங்கள். எது உங்களுக்குரியது என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். தவறான அலுவலகத்தில் அரைநாள் காத்திருந்த தாய் இரண்டாம் முறை வரமாட்டார். அவருக்கு அது அரைநாள் கூலி.

மின்னஞ்சல் கணக்கைத் தாயின் கைப்பேசியிலேயே திறந்து, முகவரியையும் கடவுச்சொல்லையும் ஒரு கெட்டி அட்டையில் எழுதிக் கொடுங்கள். பிரிபெய்டு எண்ணுக்குக் காசு போடாமல் அது செத்துவிட்டால் மீட்புக் குறியீடு வராது. கணக்கு பூட்டியே கிடக்கும். மீட்பு எண்ணாகப் பாட்டியின் எண்ணையோ, இடம் மாறாத வேறொருவர் எண்ணையோ போட்டு வையுங்கள்.

ஐசி (அடையாள அட்டை) தொலைவது இவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது. தூங்கும்போது பை போய்விடும், ஐந்தடியைச் சுத்தம் செய்யும்போது மூட்டையோடு அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். முதல் முறை தொலைத்தால் 100 வெள்ளி அபராதம், அதோடு 10 வெள்ளி கட்டணம். இரண்டாம் முறை அபராதம் 200. திருட்டுப் போனதென்றால் போலீஸ் ரிப்போர்ட்டோடு போங்கள், அபராதம் இல்லை. இது தெரியாமலேயே ஆண்டுக்கணக்கில் ஐசி இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. ரிப்போர்ட்டில் எங்கே, எந்த நாள், என்னென்ன போயிற்று என்று தெளிவாக இருக்க வேண்டும். வெறுமனே 'காணவில்லை' என்று எழுதினால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

பிள்ளையின் சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) இல்லையென்றால் இரண்டு நிலைமைகள் உண்டு. பதிந்து, தாள் மட்டும் தொலைந்ததா? அது எளிது, தேசியப் பதிவிலாகாவில் நகல் எடுத்துவிடலாம். பிறப்பே பதியப்படவில்லையா? தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்குப் பிறகு தாமதப் பதிவு, மாதக்கணக்கில் இழுக்கும். மருத்துவமனைப் பிறப்புக் குறிப்பு, தடுப்பூசிப் புத்தகம், பெற்றோர் திருமணப் பதிவு ஆகியவற்றைத் தேடி எடுங்கள். திருமணம் கோயிலில் மட்டும் நடந்து பதியப்படாமல் இருந்தால் சிக்கல் அங்கேதான் கிளம்பும். கிடைக்கும் சூராட்டில் குடியுரிமை நிலை என்ன எழுதியிருக்கிறது என்பதை முகப்பிடத்தை விட்டு நகரும் முன் படித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்து, பிள்ளை குடிமகன் அல்ல என்றிருப்பதைக் கண்டு அதிர்ந்தவர்கள் பலர்.

பத்திரம் வரும்வரை பிள்ளையை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. தாய் தந்தையரில் ஒருவர் குடிமக்களாக இருந்தால், பத்திரம் நடந்துகொண்டிருக்கும்போதே பள்ளியில் சேர்க்க 2019 முதல் 'ஜீரோ ரிஜெக்ட்' (எந்தப் பிள்ளையையும் மறுக்காத) கொள்கை வழிவிடுகிறது. முகப்பிடத்தில் இருப்பவருக்கு அது தெரியாமல் போகலாம். கொள்கையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு ஆண்டுக் கட்டணம் ஆரம்பப்பள்ளியில் 120 வெள்ளி, இடைநிலையில் 240. பாடநூல் இரவல் கிடையாது. அந்தச் செலவை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். சௌகிட்டில் கல்வி அமைச்சு 2013-இல் தொடங்கிய செக்கோலா பிம்பிங்கான் ஜாலினான் காசே என்ற பள்ளி இத்தகைய பிள்ளைகளுக்காகவே வந்தது. வேறு எந்தக் கதவும் திறக்காதபோது அங்கே கேட்கலாம்.

துணிமணி பார்த்துக்கொள்ளும் அக்கா, பிரிக்பீல்ட்ஸ்

சீருடை விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் பிள்ளை பள்ளிக்கு வராத காலை நேரங்களில் பாதி இதனால்தான். ஒரே ஒரு வெள்ளைச் சட்டை இருக்கும். அறைக் கழிவறையில் இரவு பத்து மணிக்குத் துவைத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டால் காலை ஐந்தரைக்கு அக்குளும் காலரும் ஈரமாகவே இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அப்படியே மடித்து வைத்தால் நான்கைந்து நாளில் காலரின் உள்பக்கம் கறுப்புப் புள்ளி விழும். அது கறை இல்லை, பூஞ்சை. தேய்த்தாலும் போகாது. முழுப் பருத்தி வாங்காதீர்கள், பாலியெஸ்டர் கலந்த துணி ஓர் இரவில் காயும். மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை அல்லது பினஃபோர் (பெண் பிள்ளைகளின் கையில்லாச் சீருடை). அதில் ஒரு செட் பள்ளியிலேயே இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் பேட்ஜ் தானியங்கி டோபி (காசு போட்டுத் துவைக்கும் கடை) டிரையர் சூட்டில் உரிந்துவிடும், தைத்துக் கொடுங்கள். பழைய சட்டை கொடுத்தால் முந்தைய பிள்ளையின் பெயர்ப்பட்டையைப் பிரித்துவிட்டு, அந்த ஊசித் தடம் மறையும்படி புதுப் பட்டையை அதே இடத்தில் சற்றுப் பெரிதாக வைத்துத் தையுங்கள். தடம் தெரிந்தால் மற்றப் பிள்ளைகள் கேட்பார்கள். 2021 முதல் வெள்ளைக்குப் பதில் கறுப்புக் காலணி என்றானது இவர்களுக்குப் பெரிய உபகாரம்.

மாதவிடாய் நாப்கினை மறந்துவிடாதீர்கள். பெண் பிள்ளை மாதத்தில் நான்கு நாள் தவறாமல் வரவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

சமூகநலப் பணியாளர், கோலாலம்பூர்

தாய்மார்கள் ஒளிந்துகொள்வது ஏன் என்று சொல்ல வேண்டும். 'பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்' என்ற பயம். 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளை யார் என்று வகுக்கிறது. உணவு, உடை, உறைவிடம் பற்றி அதில் வரும் இடத்தில், பெற்றோர் அவற்றைத் தராமல் புறக்கணித்தாரா, தர மனமில்லாமல் இருக்கிறாரா என்பதே கேள்வி. ஏழ்மை வேறு, புறக்கணிப்பு வேறு. தெருவில் படுத்தாலும் நாள் தவறாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய் புறக்கணிக்கவில்லை. அதற்குச் சான்று பள்ளியின் வருகைப் பதிவேடு. ஒவ்வொரு மாதமும் அதன் நகலைத் தலைமையாசிரியர் முத்திரையோடு வாங்கித் தாயின் கையில் கொடுத்து வையுங்கள். அதிகாரி முன்னால் அவர் வாய்ச்சொல் நிற்காத இடத்தில் அந்தத் தாள் நிற்கும்.

ஆரம்பக் கல்வி 2003 முதல் கட்டாயம், அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று சட்டத்தில் இருக்கிறது. அதை எடுத்ததும் தாயிடம் சொல்லாதீர்கள். அன்றிரவே அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார், நாம் மறுபடி தேட வேண்டும். அடி, உதை, தகாத தொடுதல் என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் தயங்க இடமில்லை. தாலியான் காசே உதவி எண் 15999-க்கு உடனே அழையுங்கள்.

உதவித்தொகையில் ஒரு தவறு மறுபடி மறுபடி நடக்கிறது. பள்ளித் தரவில் பாதுகாவலர் வருமானம் பழையதாகவே கிடக்கும். அப்பா வேலையில் இருந்த காலத்துச் சம்பளம். ஆர்.எம்.தி. பட்டியலும் ஏழை மாணவருக்கான மற்ற உதவிகளும் அதைப் பார்த்துத்தான் முடிவாகின்றன. நிலைமை மாறிய அன்றே வகுப்பாசிரியரிடம் சொல்லித் திருத்துங்கள். பள்ளித் தொடக்க உதவி 150 வெள்ளி எல்லா மாணவருக்கும் உண்டு, வருமானம் பார்ப்பதில்லை.

சனிக்கிழமை பாடம் சொல்லிக்கொடுப்பவர்

நல்ல மனதோடு வரும் பலர் ஐந்தாம் ஆண்டுப் பாடநூலைத் திறந்து அங்கேயே தொடங்குகிறார்கள். பிள்ளை பதினோரு வயது, ஆனால் மூன்று பள்ளி மாறியதில் இரண்டாம் ஆண்டோடு எழுத்து நின்றுபோயிருக்கும். முதல் நாள் பாடமே வேண்டாம். தமிழில் பத்துச் சொல், மலாயில் பத்துச் சொல் வாசிக்கச் சொல்லுங்கள், எங்கே தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் பெரும்பாலும் குறில் நெடில் வேறுபாட்டிலும் கொம்புகளிலும் சறுக்குவார்கள். 'கெ', 'கே', 'கை' மூன்றையும் ஒரே ஒலியாக வாசித்துவிட்டுப் போகும் பிள்ளைக்குக் கட்டுரை எழுதப் பழக்கி என்ன பயன்? மலாயில் 'ங்' ஒலி வரும் அசைகள் தடுக்கும்.

ஒரு முறைக்கு 25 நிமிடம். அன்றைய பாடம் அன்றே முடிந்துவிட வேண்டும், ஏனென்றால் அடுத்த வாரம் பிள்ளை எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தனித்தாளில் எழுதவையுங்கள், நோட்டுப் புத்தகம் தொலைந்தால் பிள்ளை தான் எழுதியதெல்லாம் போய்விட்டதென்று மனம் விட்டுவிடும். பள்ளிப் பாடநூலையும் வெளியே கொண்டுவரச் சொல்லாதீர்கள். அது இரவல் நூல். மழையில் நனைந்தாலோ தொலைந்தாலோ ஈடு செய்யச் சொல்வார்கள் என்ற பயத்தில் பள்ளிப் பக்கமே போகாத பிள்ளைகள் உண்டு. வகுப்பு அலமாரியில் இருக்கட்டும், வேண்டிய பக்கத்தைப் படி எடுத்துக் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு முகம் மாறும் தொண்டர் அணியைவிட, ஓர் ஆண்டு முழுக்க வரும் ஒரே ஆள் மேல். வீட்டுப்பாடத்துக்கு மெர்டேக்கா சதுக்கத்துக்குப் பக்கத்திலுள்ள கோலாலம்பூர் நூலகம் நல்ல இடம். மேசை, வெளிச்சம், கழிவறை மூன்றும் அங்கே உண்டு.

இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியர்

ஆறாம் ஆண்டுக்கும் முதல் படிவத்துக்கும் (இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பு) இடையில்தான் அதிகம் பேர் காணாமல் போகிறார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: எந்த இடைநிலைப்பள்ளி கிடைத்தது என்று பாருங்கள், பதிவு நாளன்று யாராவது ஒருவர் கூடப் போங்கள். மலாய் போதாமல் புகுமுக வகுப்புக்குப் போனால் ஓர் ஆண்டு கூடும். அதைத் தண்டனை என்று நினைத்துப் பிள்ளை விலகிவிடுகிறது. முன்பே விளக்கிச் சொல்லுங்கள். ஆர்.எம்.தி. ஆரம்பப்பள்ளியோடு நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பதின்மூன்று வயதில் பசி கூடும், சாப்பாடு குறையும். சிற்றுண்டிச்சாலைக்காரரிடம் மாதக் கணக்கு வைத்து, பிள்ளை மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்று வாங்கும்படி செய்யலாம்.

பன்னிரண்டு வயதில் மைகாட் (அடையாள அட்டை) எடுத்தாக வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பதியும்போது சிக்கலாக வந்து நிற்கும். எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாயிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். நேரம் குறைவாக உள்ள பிள்ளைக்கு அந்த இரண்டையும் முதலில் பிடித்துக் கொடுங்கள். ஐந்தாம் படிவத்துக்குப் பிறகு தொழிற்பயிற்சி தேடும்போது விடுதி உள்ள இடத்தை முதலில் பாருங்கள். ஐ.எல்.பி. எனப்படும் அரசுத் தொழிற்பயிற்சிக் கழகங்களில் விடுதி உண்டு. படிப்பும் படுக்கையும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் இந்த இளையோருக்கு வேறு அதிகம் இல்லை. நேர்முகத்துக்குப் போகும் முன் எல்லாப் பத்திரங்களையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பள்ளிக் கோப்பிலும் ஒன்றை ஜிப் வைத்த நெகிழிப் பையிலும் வையுங்கள். விடுமுறைக்கு விடுதி மூடும்போது எங்கே போவாய் என்று சேரும் நாளிலேயே கேட்டு வைக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்தில்தான் பலர் திரும்பி வராமல் போகிறார்கள்.