மாவடு, வடாம், மோர் மிளகாய்: எங்கே கெடுகிறது, ஏன்?

கேள்வி
மாசிக் கடைசியில் போட்ட மாவடு ஜாடியில் மேலாக வெள்ளை படிந்திருக்கிறது. வழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமா? போன வருஷ வடாமும் ஓரமெல்லாம் பொரிந்து நடுவில் கல்லாக நின்றது. அனுபவப்பட்டவர்கள் அளவோடு சொல்லுங்கள். வீட்டில் பிரஷர்காரர் ஒருவர் இருக்கிறார், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

கும்பகோணத்திலிருந்து
முதலில் அந்த வெள்ளை. மெல்லிய ஆடை மாதிரி மிதந்து, புளிப்பு வாசனை மாறாமல், வடு கெட்டியாக இருந்தால் அது ஈஸ்ட். வழித்துவிட்டு, மேலே இருந்த பத்துப் பதினைந்து வடுவை எடுத்துப் போட்டுவிடுங்கள், மற்றது பிழைக்கும். பஞ்சு மாதிரி எழும்பி நின்றாலோ, பச்சை, கறுப்பு நிறம் காட்டினாலோ, வடு கொழகொழத்தாலோ ஜாடியோடு வெளியே. அதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

உப்புத் தண்ணீருக்கு மேலே தலை நீட்டுகிற வடுவில்தான் இது வரும். 1 கிலோ வடுவுக்கு 150 கிராம் கல்லுப்பு, 2 டீஸ்பூன் விளக்கெண்ணெய், 1 டீஸ்பூன் மஞ்சள்தூள். வடுவைக் கழுவி, துணியில் பரப்பி நிழலில் ஈரம் போகக் காயவிட்டு, விளக்கெண்ணெய் தடவிப் புரட்டி, ஒரு அடுக்கு வடு ஒரு அடுக்கு உப்பு என்று ஜாடியில் போடுங்கள். காலையும் மாலையும் குலுக்க வேண்டும். மூன்றாம் நாள் தண்ணீர் விட்டுக்கொள்ளும், ஐந்தாறு நாளில் தோல் சுருங்கும்.

அப்புறம்தான் காரம். 40 கிராம் காய்ந்த மிளகாய், 25 கிராம் கடுகு இரண்டையும் வெயிலில் சுள்ளென்று காயவைத்து, ஜாடியில் ஊறிய தண்ணீரையே ஊற்றி அரைத்துக் கலக்குங்கள். கடுகை வறுக்கவே கூடாது, அந்த நெடி போய்விடும். சிலர் ஊறிய தண்ணீரைக் கொதிக்கவைத்து அரைப்பார்கள். செய்யலாம், ஆனால் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வெதுவெதுப்பாக ஊற்றினால் வடு வெந்து தளர்ந்துவிடும். தண்ணீர் வடுவை மூடவில்லை என்றால் அரை லிட்டர் தண்ணீரில் 60 கிராம் உப்பு போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து ஊற்றுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

திண்டுக்கல்லிலிருந்து
மேலே சொன்னதோடு ஒன்று: உதிர்ந்த வடு வாங்காதீர்கள். கீழே விழுந்த காய் வெளியே நன்றாகத்தான் தெரியும், உள்ளே அடிபட்டிருக்கும், ஒரே மாதத்தில் மாவாகிவிடும். காம்பு கால் அங்குலமாவது இருக்க வேண்டும். ஒட்ட முறித்த காய் அந்த இடத்தில்தான் முதலில் மெத்தென்று ஆகும். இரும்பு மூடி ஆகவே ஆகாது. வெள்ளைத் துணி கட்டி மேலே பீங்கான் மூடி.

திருச்சியிலிருந்து
வடாம் நடுவில் கல்லாக நிற்பதற்குக் காரணம் கண்டுபிடிக்க எண்ணெயே வேண்டாம். காய்ந்த வடாம் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் மட்டும் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளையாக இருந்தால் கூழ் வேகவில்லை என்று அர்த்தம். அதற்கு மருந்து கிடையாது, எத்தனை வெயிலில் போட்டாலும் பொரியாது. எல்லா இடமும் ஒரே சீராகக் கண்ணாடி மாதிரி தெரிந்தும் பொரியவில்லை என்றால், ஒன்று காய்ச்சல் போதவில்லை, இல்லை எண்ணெய் காயவில்லை. இன்னும் இரண்டு வெயில் காட்டினால் சரியாகிவிடும்.

1 கிலோ பச்சரிசி மாவுக்கு 200 கிராம் ஜவ்வரிசி. பிழிகிற வடாம் என்றால் ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர், கரண்டியால் ஊற்றுவதற்கு ஆறு பங்கு. இரவே ஊறவைத்த ஜவ்வரிசியை முதலில் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, அது கண்ணாடியாகத் தெரிந்த பிறகுதான் கரைத்த மாவு. சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரக் கையால் தொட்டால் கூழ் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ‘போதும், வெந்திருக்கும்’ என்று தோன்றுகிற நேரத்துக்கு மேல் இன்னும் பத்து நிமிஷம் வையுங்கள்.

உப்பு நாக்குக்கு அரை உப்பாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீர் வற்றினால் உப்பு வற்றுமா? கூழில் சரியாக இருந்தால் வடாமில் கரிக்கும். எலுமிச்சைச் சாறு இறக்கின பிறகு. அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் கூழ் நீர்த்துப்போகும். சூடு ஆறினால் கூழ் இறுகி அச்சில் அறுந்து அறுந்து விழும், அதனால் விடிகாலையிலேயே கிளறி எட்டு மணிக்குள் பிழிந்துவிடுங்கள். மத்தியானம் திருப்பிப் போட மறக்காதீர்கள், பிளாஸ்டிக் ஷீட்டில் அடிப்பக்கம் ஈரம் நிற்கும்.

மதுரையிலிருந்து
மோர் மிளகாய்க்கு அரை கிலோ குண்டு மிளகாய், அரை லிட்டர் புளித்த கெட்டித் தயிர், 60 கிராம் உப்பு. காம்போடு வைத்து, நுனியிலிருந்து பாதி வரை கீறுங்கள். பகலில் மிளகாய் மட்டும் வெயிலில், சாயங்காலம் திரும்ப அதே மோரில். மூன்று நான்கு நாளில் மோர் வற்றிவிடும். பிறகு குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவேண்டும்.

மேகமூட்டமாக இருந்தால் பாதி காய்ந்த மிளகாயை மூடி வைக்காதீர்கள். மோரோடு ஃபிரிட்ஜில் வைத்து, வெயில் வந்ததும் தொடருங்கள். கீறல் உள்ளே கறுப்போ பச்சையோ பூத்தால் எறிந்துவிட வேண்டும். ‘மறுபடி காயவைத்தால் போயிடும், எண்ணெயில் பொரிச்சா செத்துடும்’ என்பார்கள். பூஞ்சை சாகும். அது விட்டுப்போன அஃப்ளாடாக்சின் நஞ்சு வெயிலுக்கும் போகாது, பொரிக்கிற சூட்டுக்கும் போகாது. அது ஈரலைப் பாதிக்கிற சங்கதி.

யாழ்ப்பாணத்திலிருந்து
எங்கட பக்கம் வேப்பம்பூ வடகம் போடுறது. கால் கிலோ உழுந்து ஊறவைச்சு, தண்ணி கூடாமல் கெட்டியாய் அரைக்கோணும். ரெண்டு கைப்பிடி வேப்பம்பூ, கால் கிலோ சின்ன வெங்காயம், பத்து செத்தல் மிளகாய், ஒரு மேசைக்கரண்டி பெருஞ்சீரகம், உப்பு. பிழைக்கிற இடம் வெங்காயம்தான். உப்போடை கலந்து வைச்சால் தண்ணி விட்டு மா இளகிப்போகும், தட்டுறதுக்கு முன்னம்தான் சேர்க்கோணும்.

கோவையிலிருந்து
பிரஷர்காரருக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் உப்பளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். 1 கிலோ வடுவில் 150 கிராம் உப்பு என்றால், ஊறி முடிந்த வடுவில் சுமார் 13 சதவீதம். 5 கிராம் எடையுள்ள ஒரு வடு அரை கிராமுக்கு மேல் உப்பு. நாலு வடு தொட்டுக்கொண்டால் ஒரு நாள் அளவில் பாதி தீர்ந்தது.

இதைப் பார்த்துவிட்டு ஜாடியில் உப்பைக் குறைக்காதீர்கள், வடுவே அழுகிவிடும். தட்டில் குறையுங்கள். பத்து நிமிஷம் தண்ணீரில் போட்டு எடுத்தால் கொஞ்சம் இறங்கும், முழுக்க இறங்காது. சோடியம் குறைந்த உப்பு வாங்கிப் போடலாமே என்று கேட்பார்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும்.

வடுவை விட மோசம் வடுத் தண்ணீர். மோர் சாதத்தில் ஆசையாக ஊற்றிக்கொள்கிற ஒரு சின்னக் கரண்டி, 15 மி.லி., கிட்டத்தட்ட 2 கிராம் உப்பு.