வெளியில் எழும் குரல் சிறையில் இருக்கும் பதிவருக்கு உதவுமா?

கேள்வி:
வலைப்பதிவு எழுதியதற்காகச் சிறையில் கிடப்பவர்களுக்காக மனுவில் கையெழுத்துப் போடுகிறோம், தூதரகத்துக்குக் கடிதம் எழுதுகிறோம், அப்புறம் ஒன்றும் தெரிவதில்லை. இதனால் உள்ளே இருப்பவருக்கு ஏதாவது நல்லது நடக்கிறதா, இல்லை அரசு கோபத்தில் அவரை இன்னும் வதைக்குமா? ஒவ்வொரு முறையும் இந்தப் பயம் வருகிறது.

பதில் 1:
சவூதிப் பதிவர் ராயிஃப் பதாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் கைது, 2014-ல் 10 ஆண்டு சிறையும் 1,000 கசையடியும். 2015 ஜனவரி 9 அன்று ஜித்தாவில் ஒரு மசூதிக்கு வெளியே, ஊர் பார்க்க 50 அடி அடித்தார்கள். வாரம் 50 என்று தொடர்ந்திருக்க வேண்டியது. அவர் மனைவி என்சாஃப் ஹைதர் கனடாவிலிருந்து விடாமல் போராடினார், பல நாடுகளில் சவூதித் தூதரகங்களுக்கு முன்னால் ஆட்கள் திரண்டார்கள், முதலில் காயம் ஆறவில்லை என்று தள்ளிவைத்த அந்த மீதி 950 அடி கடைசிவரை விழவே இல்லை. எனக்கு அது போதும், கையெழுத்துப் போடுவேன்.

பதில் 2:
அடி நின்றது சரி. ஆனால் தண்டனைக் காலம் முழுவதும் முடிந்து 2022 மார்ச்சில்தான் வெளியே விட்டார்கள், அதற்கு மேல் 10 ஆண்டு பயணத் தடை, மனைவி பிள்ளைகளிடம் போக முடியாது. அவருக்காக வாதாடிய வலீத் அபு அல்கைருக்கே 15 ஆண்டு கொடுத்தார்கள். வியட்நாமில் ‘காளான் அம்மா’ என்ற பெயரில் எழுதியவருக்கு 2017-ல் 10 ஆண்டு, அடுத்த ஆண்டே விட்டார்கள், ஆனால் அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றி. சொந்த நாட்டில் இருக்க விடாததை விடுதலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் 3:
கொல்ல வருபவர் அரசு இல்லை என்றால் என்ன செய்வது? பங்களாதேஷில் 2015-ல் மதத் தீவிரவாதிகள் பதிவர்களை வரிசையாக வெட்டினார்கள். அவர்களில் ஒருவரான நிலோய் நீல் தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று போலீசிடம் போனார், புகாரை வாங்கவில்லை, நாட்டை விட்டுப் போய்விடுங்கள் என்றார்களாம், இதை அவரே எழுதிவைத்தார். ஆகஸ்டில் டாக்காவில் வீட்டுக்குள் புகுந்து கொன்றார்கள். இப்படி மிரட்டல் இருக்கும்போதே பாதுகாப்பும் விசாவும் கேட்டுக் கத்த வேண்டும், செத்த பிறகு இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நாளைக்கு எழுதும் கடிதத்தில் பதாவியின் பயணத் தடையை நீக்கச் சொல்லித்தான் முதல் வரி.