பிரெட் புட்டிங் ஓட்டை ஓட்டையாக வருகிறது, யாராவது வழி சொல்லுங்களேன்

வீட்டில் ஓவன் கிடையாது. இட்லிப் பானையில்தான் வேகவைக்கிறேன். இரண்டு முறை செய்தும் சரியாக வரவில்லை.

அளவு இதுதான்: ஓரம் நீக்கிய பிரெட் 5 துண்டு, காய்ச்சி ஆறிய பால் அரை லிட்டர், முட்டை 3, சர்க்கரை அரை கப், கொஞ்சம் வெனிலா எசென்ஸ். எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, கேரமல் ஊற்றிய எவர்சில்வர் டப்பாவில் விட்டு 35 நிமிடம் வேகவைத்தேன்.

முதல் முறை மூடியிலிருந்து ஆவித் தண்ணீர் சொட்டி மேலே குளம் கட்டிவிட்டது. அடுத்த முறை டப்பாவை ஃபாயிலால் இறுக்கி மூடினேன். தண்ணீர் இறங்கவில்லை, ஆனால் வெட்டிப் பார்த்தால் உள்ளே ஆப்பம் மாதிரி ஓட்டைகள்! தீ அதிகமானால் முட்டை சட்டென்று இறுகி இப்படி ஆகும் என்று தெரியும். ஆனால் தீயைக் குறைத்தால் நடுவில் வேகவே இல்லை. மிக்ஸியில் அடித்த நுரையும் காரணமாக இருக்குமோ? கையால் கலக்கி வடிகட்டினால் போதுமா?

கேரமலும் பாதி டப்பாவின் அடியிலேயே கல்லாக ஒட்டிக்கொள்கிறது. சூடாக இருக்கும்போதே கவிழ்க்க வேண்டுமா, ஃப்ரிட்ஜில் வைத்த பிறகா? (சின்னவன் அதைக் கரண்டியால் சுரண்டித் தின்றுவிட்டான், அவனுக்குக் குறையே இல்லை.)

அப்புறம், மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். அவருக்கு கஸ்டர்ட் பவுடர் போட்டுச் செய்தவர்கள் இருந்தால், அரை லிட்டர் பாலுக்கு எத்தனை ஸ்பூன் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள்.