பாகிஸ்தான் கிராமப் பள்ளிகளுக்குப் பணம் அனுப்பினால் எதற்குப் போகும்?

கேள்வி:
அமெரிக்காவில் குடியேறிய பாகிஸ்தானியப் பெண்கள் 1997-ல் தொடங்கிய டெவலப்மென்ட்ஸ் இன் லிட்டரசி என்ற, பாகிஸ்தானில் பள்ளிகள் நடத்தும் தொண்டு நிறுவனம் பற்றி இப்போதுதான் படித்தேன். பாகிஸ்தான் அரசியலமைப்புச் சட்டத்தின் 25-ஏ பிரிவு 5 முதல் 16 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. ஆனாலும் 2 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்கே போவதில்லை. இப்படி வெளிநாட்டிலிருந்து போகிற பணம் கட்டடத்தோடு நின்றுவிடுமா?

பதில் 1:
கட்டடம் மட்டும் போதாதுங்க. பல கிராமங்களில் ஐந்தாம் வகுப்பு வரை ஊரிலேயே படிக்கலாம், அதற்கு மேல் அடுத்த ஊருக்குப் போகணும், பஸ் கிடையாது, அங்கேதான் பெண் பிள்ளைகளை நிறுத்திவிடுகிறார்கள். சுற்றுச்சுவர், தண்ணீர் வரும் கழிப்பறை, வகுப்பில் ஒரு டீச்சரம்மா இருந்தால் தயங்குகிற அப்பாவும் அனுப்புவார். பணம் போக வேண்டியது இதற்குத்தான்.

பதில் 2:
மலாலாவும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருந்துகொண்டே, நோபல் பரிசுப் பணத்தைப் போட்டுத் தன் குடும்பத்தின் சொந்த மாவட்டமான ஷாங்லாவில் பெண்களுக்குப் பள்ளி கட்டினாரே! 2018-ல் திறந்தார்கள். மலைப்பகுதி, அங்கே அது பெரிய விஷயம்.

பதில் 3:
ரமலானில் ஜகாத் (முஸ்லிம்கள் கடமையாகக் கொடுக்கும் தானம்) பணம் நிறைய வரும், சரி, ஆனால் டீச்சர் சம்பளம் மாசாமாசம் கொடுக்கணுமே. மொத்தமாகத் தருவதைவிட மாதம் கொஞ்சமாக அனுப்புங்கள். அப்புறம், ஆசிரியர் பயிற்சிக்கு எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.