ஃபோர்த்லின் சாலை வீட்டின் முன்னறை

லிவர்பூல் அனுபவங்களை எழுதிய பலரும் பீட்டில்ஸ் இசைக்குழு வாசித்த கேவர்ன் கிளப்பைப் பற்றியே எழுதியிருப்பதால், அதே ஊரில் அந்தக் குழுவின் பால் மெக்கார்ட்னி வளர்ந்த 20, ஃபோர்த்லின் சாலை வீட்டில் நான் கண்டதைப் பகிர்கிறேன். அவருடைய குடும்பம் 1955இல் குடியேறிய, நகராட்சி கட்டி வாடகைக்கு விட்ட சிறிய வரிசை வீடு அது. இன்று பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு அதைப் பராமரிக்கிறது. பையையும் கேமராவையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டதால், மனத்தில் பதிந்ததை மட்டுமே எழுதுகிறேன்.

முன்னறையில் பத்துப் பேர் நின்றாலே தோள் இடிக்கிறது. பாலின் தம்பி மைக் 1962இல் அதே அறையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று அங்கே இருக்கிறது. பாலும் அதே குழுவின் ஜான் லெனனும் கிட்டார்களோடு குனிந்து, கீழே விரித்திருக்கும் பள்ளி நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பால் இடக்கையர் என்பதால், எதிரெதிரே அமரும்போது ஒருவர் விரல் வைக்கும் இடம் மற்றவருக்குக் கண்ணாடியில் தெரிவதுபோலவே தெரியும். அப்பா வேலைக்குப் போயிருக்கும் பகல்களில் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து, இருவரும் பாட்டுக் கட்டியது இந்த அறையில்தான். பால் 1956இலும் ஜான் 1958இலும் தாயை இழந்தவர்கள் என்பது நினைவுக்கு வந்தபோது, அந்த நெருக்கத்தின் ஆழம் எனக்குப் புரிந்தது.

பீட்டில்ஸின் புகழ் ஒரே இரவில் வந்தது என்று சொல்லப்படும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை. 1960இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் சென்றபோது, ஒரு திரையரங்கின் பின்புறம் கழிப்பறையை ஒட்டிய சன்னலில்லாத அறையில் படுத்துறங்கி, இரவுதோறும் பல மணி நேரம் வாசித்தார்கள். மேலாளராகப் பிரையன் எப்ஸ்டைன் வந்த பிறகும், 1962 புத்தாண்டு நாளில் வாசித்துக் காட்டியும் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் அவர்களை மறுத்துவிட்டது. இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் வாய்ப்புக் கிடைத்து, டிரம் வாசிக்க ரிங்கோ ஸ்டாரும் சேர்ந்த பின், 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தார்கள். சளியால் கட்டியிருந்த தொண்டையோடு ஜான் கடைசியாக ஒரே மூச்சில் பாடிய ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ பாடலில் அந்தக் கரகரப்பை இன்றும் கேட்கலாம். அந்தப் பத்துப் பாடல்களும் அடங்கிய ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ இசைத்தட்டு முப்பது வாரங்கள் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது.

என்னோடு அன்று வந்த குழுவில் உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் இருந்தார். அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்த காலத்தில், மதிய உணவு நேரத்தில் கேவர்னுக்கு ஓடிப்போய், வியர்வையும் ஈரமும் வழியும் செங்கல் சுவரில் சாய்ந்தபடி அவர்களைக் கேட்டவராம். அவர்கள் பாட்டு முதலிடத்துக்கு வந்த செய்தி கேட்டதும் தோழிகளோடு அழுததாகச் சொன்னார். மகிழ்ச்சியாலா என்று கேட்டேன். “இல்லை, இனி அவர்கள் இங்கே வாசிக்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது” என்றார். 1963 ஆகஸ்ட் 3 அன்று கேவர்னில் அவர்கள் கடைசியாக வாசித்தார்கள். அதற்கு அவருக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை.