மறு: விளையாட்டில் வரும் ‘பாஸ்’ – ‘மடைப்பகை’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

கணினி விளையாட்டில் வரும் பெரிய எதிரியைப் பிள்ளைகள் ‘பாஸ்’ என்கிறார்கள், பாகத்துக்குப் பாகம் திரும்ப வரும் பாஸைத் தமிழில் என்ன சொல்வது என்று தொடங்கிய இழை, பாஸுக்கே என்ன சொல் என்பதில் வந்து நிற்கிறது. மூன்று நாளாக மடல்களை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘முதலாளி’ வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போய்விட்டோம், நல்லது. மிச்சம் இருக்கும் ‘தலைவன்’, ‘கட்டத்தலைவன்’, ‘பெரும்பகைவன்’, ‘வாயிற்காவலன்’ நான்கிலும் ஒரே சிக்கல் இருக்கிறது, அதை இதுவரை யாரும் தொடவில்லை. நான்கும் ‘அன்’ என்று முடிகின்றன. எதிரே வருவது டைனோசராக இருந்தால் என்ன செய்வோம்?

போன ஆயுத பூஜை விடுமுறையில் மன்னார்குடியில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் மகன் ஏழாவது படிக்கிறான், 2024இல் புதுப்பித்து வெளியிட்ட பழைய டூம் ரைடர் (Tomb Raider) விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். 1996இல் வந்த முதல் பாகத்தில், பெரு நாட்டில் நடக்கும் லாஸ்ட் வேலி கட்டம். சின்ன டைனோசர்களைச் சுட்டு முடித்தான், பள்ளத்தாக்கு அமைதியானது, அப்புறம் இருட்டுக்குள் இருந்து டி-ரெக்ஸ் தலையை நீட்டிக்கொண்டு நேராக ஓடி வந்தது. “சித்தப்பா, பாஸ் வந்துடுச்சு!” என்று கத்தினான். மறுநாள் வேறொரு விளையாட்டில் வாளோடு ஒருத்தன் வந்து நின்றபோது “பாஸ் வந்துட்டான்” என்றான். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தானாக வந்தது. ‘பாஸ்’ என்ற கடன்சொல் உயர்திணை, அஃறிணை இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. நாம் தரும் சொல் அதைக்கூடச் செய்யவில்லை என்றால் பிள்ளைகள் எதற்காக அதை எடுத்துக்கொள்வார்கள்? ‘தலைவன் வந்துடுச்சு’ என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. விளையாட்டின் நாயகி லாராவை வாயில் கவ்வி ஒரே கடியில் முடித்துவிடும் விலங்கைப் பார்த்து ‘தலைவன் வந்தான்’ என்றும் சொல்லாது.

நாகப்பட்டினத்து நண்பர் இதை மனத்தில் வைத்துத்தான் ‘மறிப்பி’ என்றார் என நினைக்கிறேன். உலாவி, செயலி போல ‘இ’யில் முடிவதால் திணைச் சிக்கல் இல்லை. ஆனால் அந்த விகுதியைக் கருவிகளுக்கே பழக்கிவிட்டோம். மறிப்பி என்றால் எனக்குச் சுவரில் மாட்டும் ஏதோ ஒரு பொருள்தான் கண்ணில் நிற்கிறது, பகை நிற்கவில்லை.

என் பரிந்துரை ‘மடைப்பகை’. ஏன் மடை என்று சொல்கிறேன்.

பாஸ் என்பது வெறும் பெரிய எதிரி இல்லை. அதைத் தீர்த்தால்தான் அடுத்த கட்டம் திறக்கும், அதுதான் அதன் வேலை. நம் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம். ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தாலும், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விட்டாலும், எங்கள் கிளை வாய்க்காலில் ஷட்டர் ஏறும்வரை தண்ணீர் அந்தப் பக்கமே நின்றுகொண்டிருக்கும். கிரீஸ் பூசிய திருகைச் சுற்றச் சுற்ற இரும்புத் தகடு ஒரு விரற்கடை தூக்கும், அடியில் முதலில் நுரையும் சருகும் பிதுங்கிக்கொண்டு வரும், பிறகுதான் தண்ணீர். அப்பா அதற்கு முன்பே மண்வெட்டியோடு வயலுக்குத் தண்ணீர் பாயும் வாமடையில் போய் நின்றுவிடுவார். அடைத்து நிற்பது விலகினால் மட்டுமே அடுத்தது, இந்த உணர்வு மடை என்ற சொல்லுக்குள் இருக்கிறது.

அந்த லாஸ்ட் வேலி கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பல்சக்கரங்களைத் தேடிக் கொண்டுவந்து பொருத்தி, நெம்புகோலை இழுத்து, அருவியின் போக்கைத் திருப்பிவிட்டால்தான் அடுத்த கட்டத்துக்கு வழி கிடைக்கும். முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இங்கிலாந்தில் டெர்பி ஊரில் உட்கார்ந்து கோர் டிசைன் காரர்கள் செய்த கட்டம் அது, எனக்கு எங்கள் மதகடியாகத்தான் தெரிந்தது.

இந்தச் சொல் ஒரு வரையறையையும் கொடுக்கிறது. 1996 பாகத்தில் டி-ரெக்ஸைக் கொல்லாமலே, அது நுழைய முடியாத இடுக்குகளில் ஒதுங்கி ஒதுங்கிப் போய்விடலாம். பெரும்பகைதான், ஆனால் மடையில் நிற்கவில்லை. அதே கட்டத்தை 2007இல் ‘ஆனிவர்சரி’ என்று திரும்பச் செய்தபோது அதை வீழ்த்தாமல் நகர முடியாதபடி வைத்தார்கள். அதுதான் மடைப்பகை. அப்படிப் பார்த்தால் அண்ணன் மகன் முதல் பாகத்தில் ‘பாஸ்’ என்று கத்தியது தாராளமான வழக்கு, அதை நான் திருத்தப்போவதில்லை. சொல்பட்டியலில் விளக்கம் எழுதும்போது மட்டும் இந்த வேறுபாடு கைகொடுக்கும்.

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். மடைப்பகை என்றால் ‘மடைக்குப் பகை’ என்றுதானே பொருள்படும் என்பது ஒன்று. குறளில் 89ஆம் அதிகாரத்தின் பெயர் உட்பகை. உள்ளுக்குப் பகை என்று யாரும் படிப்பதில்லை, உள்ளே இருக்கும் பகை என்றுதான் படிக்கிறோம். இடத்தைச் சொல்லிப் பகையைச் சேர்ப்பது பழைய வழிதான். மடைப்பள்ளியை நினைவுபடுத்துகிறதே என்பது இன்னொன்று. அங்கே மடை என்பது சோறு, படையல். கடைமடை என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிறவர்களுக்கு இந்த மடை எது என்று குழம்பாது.

அந்தக் கடைமடைதான் எனக்கு மிகவும் பிடித்தது! கடைசி பாஸுக்கு ‘கடைமடைப்பகை’ என்று வைத்துவிடலாம், தனியாக எதையும் தேட வேண்டாம். நடுவில் வரும் சின்ன பாஸ் ‘கிளைமடைப்பகை’.

தஞ்சாவூர் நண்பர் வாயிற்காவலன் என்றபோது பெரிய கோயில் துவாரபாலகர்களைச் சொன்னார். அந்தப் பிரம்மாண்டம் உண்மைதான், நானும் சின்ன வயதில் அண்ணாந்து பார்த்து வாய் பிளந்தவன். ஆனால் அவர்களை வீழ்த்திவிட்டா உள்ளே போகிறோம்? கும்பிட்டுவிட்டுப் போகிறோம்.

சரி, பாகத்துக்குப் பாகம் திரும்பத் திரும்ப வரும் பாஸுக்கு என்ன சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன், இந்த இழை தொடங்கியதே அதில்தான். இங்கே ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்.

டூம் ரைடரில் 1996க்குப் பிறகு 1997, 1998 பாகங்களிலும் டி-ரெக்ஸ் வருகிறது. ஆனால் அதே விலங்கு இல்லை. முதலாவது பெருவோடு சரி, அடுத்தடுத்து வந்தவை வேறு. வருவது இனம். மெட்ராய்டு என்ற விளையாட்டுத் தொடரில் வரும் பாஸ் ரிட்லி அப்படி இல்லை. ரிட்லியைக் கண்டிப்பாக டைனோசர் என்று சொல்ல முடியாது, டெரோசர் என்ற பறக்கும் ஊர்வனவின் சாயல், நீண்ட அலகும் தோல் சிறகும். 1986இல் முதல் ஆட்டத்தில் விழுந்தது. 1994இல் தொடக்கத்திலேயே வந்து மெட்ராய்டு என்ற உயிரின் குஞ்சைத் தூக்கிக்கொண்டு பறந்தது. 2002இல் பிரைம் ஆட்டத்தில் பாதி உடல் இயந்திரமாகத் திரும்பியது. ஒவ்வொரு முறையும் தொடரின் நாயகி சாமுஸுக்குத் தெரியும், அதே பழைய பகை என்று. முன்பு கொன்ற கணக்கும் சேர்ந்தே வருகிறது. 1994 ஆட்டத்தில் ரிட்லியோடு சேர்த்து நான்கு பாஸ்களின் உருவமும் ஒரு சிலையாக வழியை அடைத்து நிற்கும், நான்கும் விழுந்த பிறகுதான் சிலை கீழே இறங்கி வழி விடும். மடையேதான்.

ஆகவே ரிட்லி போல அதே ஆள் திரும்பி வந்தால் ‘மீள்மடைப்பகை’. டி-ரெக்ஸ் போல இனம் தொடர்ந்து வந்தால் ‘தொடர்மடைப்பகை’. ரிட்லி கொள்ளையர் படையை நடத்தும் அறிவுள்ள உயிர், அதனால் ‘மீள்மடைப்பகை வந்தான்’ என்று எழுதலாம். டி-ரெக்ஸுக்கு ‘வந்தது’. ‘அவன் எனக்குப் பகை’, ‘அது எனக்குப் பகை’ இரண்டும் தமிழில் சரியாக இருக்கும்போது இதுவும் இருக்கும்.

கடைசியாக, டைனோசரை டைனோசர் என்றே விடலாமா, தமிழ் விக்கிப்பீடியாவில் உள்ள ‘தொன்மா’ போடலாமா என்று கேட்டிருந்தார்கள். தொன்மா அழகான சொல். கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர், அங்கே கல்லமேட்டுப் பாறைகளில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவு பெரிய விலங்கு நம் மண்ணுக்கு அந்நியமில்லை. பாடநூலில் தொன்மா எழுதுவோம். விளையாட்டுத் திரையில் வரும் வரிகளில் டைனோசர் போதும், பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது படிப்பது அது.

மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘மடைப்பகை வீழ்ந்தது’, ‘கடைமடைப்பகை’ இரண்டையும் இப்போதைக்கு இட்டு வைக்கிறேன். ‘வீழ்ந்தது’ ஆளைப் பொறுத்து ‘வீழ்ந்தான்’, ‘வீழ்ந்தாள்’ என்று மாற வேண்டும், நம் கோப்பில் அதற்கு இடம் இல்லை. நிரல் எழுதுகிறவர்கள் யாராவது அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.